கல்விச்சீர்த் தட்டில் என்ன வைப்பது? பால்வாடிக்கும் எல்.கே.ஜி. வகுப்புக்கும் உண்மையில் தேவைப்படும் சாமான்கள்

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டச் செய்திகளில் அடிக்கடி வருகிற படம்தான் இது. மேளதாளத்தோடு ஊர் திரண்டு, முன்னால் பெண்கள் தாம்பாளத்தில் பழம், வெற்றிலை பாக்கு, நோட்டு, பென்சில் என்று ஏந்தி வர, பின்னால் பீரோவும் ஃபேனும் பிளாஸ்டிக் நாற்காலியும் வண்டியில் வரும். எல்லாம் அரசுப் பள்ளிக்குப் போகிறது. கல்யாணத்துக்குச் சீர் கொண்டுபோவது போலப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவதால் இதற்குக் கல்விச்சீர் என்று பெயர். மனசார வரவேற்க வேண்டிய வழக்கம்.

இதைப் பார்த்துவிட்டு, "நம்ம ஊர்ப் பால்வாடிக்கும் ஏதாவது செய்யலாமே" என்று நினைக்கிறவர்கள் செட்டிநாட்டில் நிறைய உண்டு. காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் இருப்பவர்கள் மட்டுமில்லை, கோயில் திருவிழாவுக்கும் அறுபதாம் கல்யாணத்துக்கும் ஊருக்கு வந்து போகிற சென்னை, சிங்கப்பூர், மலேசியாக்காரர்களும்தான். ஆனால் இறங்கிச் செய்யப் போனால் மூன்று குழப்பங்கள் வருகின்றன. அரசுதான் எல்லாம் இலவசமாகத் தருகிறதே, இன்னும் எதற்கு? போன வருஷம் கொடுத்தது பீரோவுக்குள்ளேயே கிடக்கிறதே, ஏன்? அப்புறம், யார் கையில் கொடுப்பது?

அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

எது பால்வாடி, எது எல்.கே.ஜி.?

மூன்றிலிருந்து ஐந்து வயது வரையுள்ள ஏழைக் குழந்தை நம் பக்கத்தில் மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும்.

1. அங்கன்வாடி. நம் ஊரில் பால்வாடி என்றுதான் சொல்வோம். 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் கீழ் வருவது. தமிழ்நாட்டில் 54,000க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. இது சமூக நலத் துறையின் பொறுப்பு, பள்ளிக்கல்வித் துறையுடையது கிடையாது. இங்கே இரண்டு வயதுக் குழந்தையும் வரும், அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

2. அரசுப் பள்ளி வளாகத்தில் நடக்கும் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள். 2019 ஜனவரியில், நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் இவை தொடங்கின. 2022இல் இந்த வகுப்புகள் இனி இருக்காது என்று செய்தி வந்து, எதிர்ப்பு கிளம்பியதும், தொடரும் என்று அரசு அறிவித்தது. கட்டடம் ஒரு துறை, பாடம் இன்னொரு துறை என்று இரண்டு வீட்டுப் பிள்ளையாக வளர்கிற வகுப்பு இது.

3. தனியார் நர்சரியில், கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்த குழந்தை. கல்விக் கட்டணம் அரசு பொறுப்பு. புத்தகம், சீருடை, கலர் பென்சில் எல்லாம் பெரும்பாலும் பெற்றோர் தலையில்தான் விழுகிறது.

அரசு தருவது எங்கே தொடங்குகிறது?

கல்வி உரிமைச் சட்டம், 2009, ஆறு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்கானது. ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அரசு முன்பருவக் கல்விக்கு ஏற்பாடு செய்யலாம் என்று 11ஆவது பிரிவு சொல்கிறது. செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. இந்தச் சின்ன வித்தியாசம்தான் வகுப்பறையில் இருக்கும் சாமான் வரைக்கும் வந்து நிற்கிறது.

தமிழ்நாட்டில் விலையில்லாப் பாடநூல், நோட்டு, பை, காலணி, கிரேயான், கலர் பென்சில் என்று நாம் பெருமையாகச் சொல்லும் பட்டியல் ஒன்றாம் வகுப்பில்தான் ஆரம்பிக்கிறது. 2022இல் வந்த காலை உணவுத் திட்டமும் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைதான். அங்கன்வாடிக் குழந்தைக்கு மதிய உணவு உண்டு, முட்டை உண்டு, வண்ணச் சீருடை உண்டு, மையத்துக்கு முன்பருவக் கல்விப் பொருள்கள் அடங்கிய ஒரு பெட்டியும் வரும். பாடத்திட்டமும் இருக்கிறது. அதனால் "அரசு எதுவுமே தருவதில்லை" என்று பேசுவது தவறு. தேய்ந்து, கிழிந்து, தீர்ந்துபோகிற பொருள்கள் வருஷம் முழுக்க வந்துகொண்டே இருக்க வழியில்லை என்பதுதான் சிக்கல்.

பள்ளிக்கு வரும் மானியத்தைப் பாருங்கள். சமக்ர சிக்ஷா என்ற மத்திய, மாநிலக் கூட்டுத் திட்டத்தில், முப்பது பிள்ளைகள் வரை படிக்கும் பள்ளிக்கு வருஷத்துக்கு ரூ.10,000, நூறு பிள்ளைகள் வரை என்றால் ரூ.25,000 என்று மானிய அளவு. சாக்பீஸ், பதிவேடு, பல்பு, குழாய் ரிப்பேர் எல்லாம் இதற்குள். பத்து சதவீதமாவது சுத்தம், சுகாதாரத்துக்குப் போக வேண்டும். நம் பக்கத்துக் கிராமத் தொடக்கப் பள்ளிகளில் நிறைய, இந்த முதல் இரண்டு வரிசையில் வருபவை. இதற்கு நடுவில், பி.எம். ஸ்ரீ என்ற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத் தகராறில், இதே சமக்ர சிக்ஷாவில் 2024-25க்கான சுமார் ரூ.2,152 கோடியை மத்திய அரசு நிறுத்திவைத்தது, மாநில அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது. மேலே இருப்பவர்கள் மோதிக்கொள்ளும்போது கீழே முதலில் வெட்டுப்படுவது ட்ராயிங் பேப்பர் மாதிரியான சாமான்தான். அது இல்லை என்று யாரும் மனு எழுதுவதில்லை.

பீரோவுக்குள் போன பொம்மை ஏன் வெளியே வருவதில்லை?

கொடுத்தவர்களுக்கு அதிகம் மனவருத்தம் தருவது இதுதான். நல்ல விலை கொடுத்து மரப் பொம்மை, கட்டைகள், படப் புத்தகம் எல்லாம் வாங்கித் தந்திருப்பார்கள். ஆறு மாதம் கழித்துப் போனால் பிளாஸ்டிக் உறை கூடப் பிரியாமல் பீரோவில் இருக்கும். உடனே டீச்சர் மேல் கோபம் வரும். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் காரணம் புரியும்.

அரசு நிறுவனத்துக்குள் வரும் எந்தப் பொருளும் இருப்புப் பதிவேட்டில் ஏற வேண்டும். பொருள்கள் இரண்டு வகை. நிலையான பொருள் என்றால் நாற்காலி, பீரோ, தராசு போன்றவை. ஆய்வுக்கு வரும் அதிகாரி எண்ணிப் பார்ப்பார், பதிவேட்டில் பன்னிரண்டு என்று இருந்தால் தரையிலும் பன்னிரண்டு இருக்க வேண்டும். தீரும் சாமான் என்றால் சாக்பீஸ், தாள், பசை போன்றவை. கொடுத்ததாக எழுதிக் கழித்துவிடலாம்.

படப் புத்தகத்தையும் பொம்மையையும் முதல் வகையில் எழுதிவிட்டால் அன்றோடு அவை காவல் காக்க வேண்டிய சொத்தாகிவிடுகின்றன. ஒரு பக்கம் கிழிந்தால், ஒரு கட்டை காணாமல் போனால் பதில் சொல்ல வேண்டியவர் அந்தப் பணியாளர். அங்கன்வாடிப் பணியாளர் மதிப்பூதியத்தில் வேலை செய்கிறவர். எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, தடுப்பூசிக்கு நினைவூட்டுவது, வீடு வீடாகப் போவது என்று தலைக்கு மேல் வேலை. திட்டத்தின் பழைய முறையில் பதிவேடு மட்டும் 11, இப்போது செல்போன் செயலியில் பதிவு வேறு. இவ்வளவுக்கும் நடுவில், உடைந்த பொம்மைக்கு விளக்கம் எழுதும் நிலை வேண்டாமென்று பூட்டி வைப்பதில் அவர் மேல் என்ன தப்பு இருக்கிறது?

கொடுப்பவர் செய்யக்கூடியது இரண்டு. ஒன்று, கொடுக்கும் கடிதத்திலேயே தெளிவாக எழுதிவிடுவது: "இந்தப் புத்தகங்களும் விளையாட்டுப் பொருள்களும் குழந்தைகள் கையாண்டு தீர்ப்பதற்காகத் தரப்படுகின்றன, கிழிந்தாலும் உடைந்தாலும் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை." இந்த இரண்டு வரி கோப்பில் இருந்தால் அவற்றைத் தீரும் சாமானாக எழுதப் பணியாளருக்கு ஒரு பிடிமானம் கிடைக்கிறது, மேற்பார்வையாளரிடமும் காட்டலாம். இரண்டு, விலை உயர்ந்த ஒரே ஒரு பொருளைவிட, போனால் போகட்டும் என்று விடக்கூடிய விலையில் பல பொருள்களாக வாங்குவது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். புத்தக அட்டை முழுக்க 'உபயம்' ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். மூன்று வயதுக் குழந்தை புத்தகத்தை அட்டைப் படத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டு எடுக்கிறது. பெயர் வேண்டுமானால் பின்னட்டையின் உள்பக்கத்தில் இருக்கட்டும்.

தீரும் சாமான்: ஒரு கணக்கு

இருபது பிள்ளைகள் உள்ள வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். வாரத்தில் மூன்று நாள் ஆளுக்கு ஒரு தாளில் வரைகிறார்கள். வாரத்துக்கு 60 தாள். 500 தாள் உள்ள ஏ4 கட்டு எட்டு வாரத்தில் முடிந்துவிடும். பள்ளி வருஷத்துக்கு ஐந்து கட்டு வேண்டும். ஒரு பீரோ வாங்கும் பணத்தில் இது எத்தனை வருஷத்துக்கு வரும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். தாள் வாங்கவே வேண்டாம் என்றாலும் வழி இருக்கிறது: கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகங்களில் வெட்டி ஒதுக்கும் ஓரத்தாள், தடித்த அட்டைத் துண்டு எல்லாம் கேட்டால் தருவார்கள். குழந்தைக்குக் கெட்டியான தாள்தான் நல்லது, அழுத்தித் தேய்த்தாலும் கிழியாது.

கிரேயானில் கொஞ்சம் விவரம் தேவை.

- மூன்று வயதுக் குழந்தை கிரேயானை முஷ்டியாகப் பிடிக்கும், தோளிலிருந்து கையை வீசித் தேய்க்கும். மெல்லிய குச்சி முதல் நாளே முறிந்துவிடும். இந்த வயதுக்குத் தடித்த கிரேயான் வேண்டும்.
- முறிந்த துண்டைத் தூக்கிப் போட வேண்டாம். ஓர் அங்குலத் துண்டை முஷ்டிக்குள் பிடிக்க முடியாது, கட்டைவிரலும் இரண்டு விரலும் சேர்ந்துதான் பிடிக்க முடியும். பின்னால் பென்சில் பிடிக்கத் தேவையான பழக்கம் அந்தத் துண்டிலேயே வந்துவிடுகிறது.
- ஆளுக்கொரு டப்பா கொடுப்பதைவிட நிறம் வாரியாகப் பிரித்து நடுவில் வைப்பது மேல். சிவப்பும் கறுப்பும் முதலில் தீரும், அவற்றை மட்டும் நிரப்பினால் போதும். வைப்பதற்கு நம் ஊர்ப் பனையோலைக் கொட்டானே போதும். புவிசார் குறியீடு வாங்கிய அந்தச் செட்டிநாட்டுக் கொட்டானில் பத்தைச் சீருக்கு வாங்கினால் முடைகிற பெண்களுக்கும் வேலை.

இவை தவிர பசை, முனை மழுங்கிய கத்தரிக்கோல், சாக்பீஸ், சிலேட்டு, களிமண், கை துடைக்கத் துணி, சோப்பு, மாற்று உடை. கடைசி மூன்றும் 'கல்விப் பொருளா' என்று தோன்றலாம். நனைந்த டிராயரோடு உட்கார்ந்திருக்கும் குழந்தை எந்தக் கதையும் கேட்காது.

விலை விஷயத்தில் ஒரு செய்தி: 2025 செப்டம்பர் 22 முதல் பென்சில், ஷார்ப்பனர், கிரேயான், ரப்பர், நோட்டு ஆகியவற்றுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. மொத்தமாக வாங்கும்போது பில்லைப் பார்த்து வாங்குங்கள்.

புத்தகம்: எது, எத்தனை, எங்கே?

தேசிய கல்விக் கொள்கை 2020, மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கும் மேல் ஆறு வயதுக்குள் நடந்துவிடுகிறது என்கிறது. 2022இல் வந்த அடிப்படை நிலைக்கான தேசியப் பாடத்திட்டக் கட்டமைப்பும், மூன்று முதல் எட்டு வயது வரை விளையாட்டு, பேச்சு, கதை வழியாகவே கற்க வேண்டும் என்கிறது. ஆனால் நன்கொடையாக வருவதில் பெரும்பகுதி இரண்டு கோடு நோட்டும் அ, ஆ எழுதிப் பழகும் புத்தகமும்தான். பெற்றோருக்கும் அதுதான் 'படிப்பு' மாதிரித் தெரிகிறது. எழுத்தைத் தேய்த்துப் பழக அவசரமே இல்லை. கதை கேட்டு, படம் பார்த்து, "அப்புறம் என்னாச்சு?" என்று கேட்கத் தெரிந்த குழந்தைக்கு எழுத்து தானாக வரும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி, பெரிய எழுத்து, பக்கம் நிறையப் படம். பேசுகிற மாதிரித் தமிழ். குழந்தைகளுக்காக எழுதிய அழ. வள்ளியப்பா பிறந்த இராயவரம் நம் வட்டாரம்தான், அவர் தமிழில் உள்ள எளிமையை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

2. இருபது பிள்ளைகளுக்கு நாற்பது தலைப்பு வேண்டியதில்லை. இருபது தலைப்பு போதும், பிள்ளைகளுக்குப் பிடித்துப்போன நாலைந்துக்கு இரண்டாவது பிரதி. இந்த வயதில் அதே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள், அப்படித்தான் கேட்க வேண்டும்.

3. 1957இல் தொடங்கிய நேஷனல் புக் டிரஸ்ட் தமிழிலும் மலிவு விலைப் படப் புத்தகங்கள் போடுகிறது. சென்னைப் பதிப்பகமான தூலிகாவில் தமிழ்ப் படக் கதைகள் நிறைய. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கி அச்சடித்துக்கொள்ள உரிமம் இருக்கிறது. கெட்டித்தாளில் கலரில் அடித்து லேமினேட் செய்துவிட்டால் நாள்பட உழைக்கும்.

4. புத்தகம் எப்படிக் கிழிகிறது என்று பாருங்கள். சின்னக் குழந்தை ஓரத்தைப் பிடித்துப் புரட்டாது. பக்கத்தின் நடுவில் உள்ளங்கையை வைத்து இழுக்கும், பின் அடித்த இடத்தில் தாள் பிய்ந்து வரும். கொடுப்பதற்கு முன்பே முதுகிலும் உள்ளே பின் இருக்கும் நடுமடிப்பிலும் அகலமான டேப் ஒட்டிக் கொடுத்தால் ஒரு வருஷம் கூடுதலாக உழைக்கும். இரண்டு, மூன்று வயதுக்கு அட்டைப் பக்கப் புத்தகம்.

5. அலமாரி வேண்டாம். குழந்தையின் மார்பளவு உயரத்தில் சுவரில் ஒரு கயிறு, பத்துத் துணிக் கிளிப். அட்டை முகம் தெரிய மாட்டிவிட்டால் எடுப்பதும் மாட்டுவதும் பிள்ளைகளே செய்வார்கள். சுவரோரம் தரையில் அடுக்கி வைத்தால் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஓதம் ஏறும், பின்னாலேயே கறையான் வரும்.

யார் படித்துக் காட்டுவது என்பது தனிக் கேள்வி. டீச்சருக்கு நேரமில்லாத நாளில், வாரம் ஒரு முறை வந்து ஒரு கதை படித்துக் காட்ட ஊரில் ஓர் ஆச்சி, ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர், ஒரு கல்லூரி மாணவி கிடைத்தால் போதும். அனுமதி கேட்டு, நாளைக் குறித்துக்கொண்டு, தவறாமல் வர வேண்டும்.

கொடுக்கக் கூடாதவை

பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து சுத்தம் செய்யும்போது வெளியே வரும் பழைய ஆங்கில நாவல், கெமிஸ்ட்ரி கைடு, கலைக்களஞ்சியம் எல்லாம் பால்வாடிக்குப் போகிறது. அது நன்கொடை ஆகாது. நூலகத்திடமோ பழைய புத்தகக் கடையிலோ கேளுங்கள்.

பாதுகாப்பு இதைவிட முக்கியம். 2021 ஜனவரி 1 முதல் நாட்டில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், திருவிழாக் கடையில் வாங்கும்போது யாரும் பார்ப்பதில்லை. மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குத் தொண்டையில் அடைக்கும் பொருளா என்று பார்க்க, சுமார் 3.2 செ.மீ. குறுக்களவுள்ள சின்னக் குழாய் ஒன்றை வைத்துச் சோதிப்பார்கள். அதற்குள் முழுதாக அடங்கிவிடும் எதுவும் ஆபத்து. பல்லாங்குழிக்கு வைக்கும் சோழி, புளியங்கொட்டை எல்லாம் இந்த வகையில் வரும், மூக்கிலும் காதிலும்கூடப் போட்டுக்கொள்வார்கள். பெரிய பிள்ளைகளுக்கு மட்டும், பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும் கொடுக்கலாம். குன்றிமணி எந்த வயதுக்கும் வேண்டவே வேண்டாம். பார்க்க அழகு, எண்ணிப் பழக வசதி என்று சிலர் தருகிறார்கள். அதன் விதைக்குள் இருப்பது உயிரை எடுக்கும் நஞ்சு, கடித்து மென்றால் உடம்பில் கலந்துவிடும்.

யாரிடம், எப்படி?

1. செட்டிநாடு ஒரே மாவட்டத்தில் இல்லை. காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் சுற்று சிவகங்கை மாவட்டம்; பொன்னமராவதி, இராயவரம், அரிமளம் பக்கம் புதுக்கோட்டை மாவட்டம். உங்கள் பூர்வீக ஊர் எதில் வருகிறது என்று பார்த்துக்கொண்டு பேசுங்கள்.

2. பள்ளி வளாகம் என்றால் தலைமை ஆசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும். கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவுப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். குழுவில் பேசித் தீர்மானம் போட்டு வாங்கினால் பின்னால் கேள்வி வராது.

3. அங்கன்வாடி என்றால் பணியாளரிடம் முதலில் தேவைப் பட்டியல் கேளுங்கள், வாங்குவதற்கு முன் வட்டார மேற்பார்வையாளருக்கோ குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கோ ஒரு கடிதம் கொடுங்கள்.

4. பணமாக யார் கையிலும் கொடுக்காதீர்கள். பெரிய தொகை என்றால் 2022இல் அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் இணையதளம் வழியாக, பள்ளியைத் தேர்ந்தெடுத்துத் தரலாம்.

5. 80ஜி என்று பழகிய வருமான வரிச் சலுகை, பொருளாகக் கொடுப்பதற்குக் கிடையாது. ரூ.2,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு எப்படிக் கொடுத்தாலும் இல்லை.

6. குழந்தையை வரிசையில் நிறுத்தி, கையில் பொருளைக் கொடுத்துப் போட்டோ எடுப்பதை விட்டுவிடலாம். பொருள்களை மட்டும் படம் எடுத்துப் போட்டால் போதாதா?

எப்போது?

நம் பக்கத்துக் கொடை பெரும்பாலும் தை, மாசியில் வருகிறது. வெளியூர்க்காரர்கள் ஊரில் இருக்கும் காலம் அது. பள்ளிக்கு அதுவோ கடைசிப் பருவம். ஜூனில் புதுப் பிள்ளைகள் வரும்போது போன வருஷத்துக் கிரேயான் துண்டுதான் மிச்சம் இருக்கும். தை மாதமே பணத்தை ஒதுக்கினாலும், பொருளை மூன்று தவணையாகப் பிரித்து, ஜூன் தொடக்கத்தில் ஒன்று, விஜயதசமிச் சேர்க்கையை ஒட்டி ஒன்று, ஜனவரியில் ஒன்று என்று அனுப்ப உள்ளூரில் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். சீர் ஊர்வலம் முதல் தவணைக்கு இருக்கட்டும். மற்ற இரண்டுக்கும் டீச்சரிடம் "என்ன தீர்ந்திருக்கு?" என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு, அதை மட்டும் வாங்கிக் கொடுத்தால் சரி.